லென்ஸ் துடைக்கிறவரின் முகம்

சிக்கந்தர் எந்தக் கேமராவையும் எண் சொல்லி அழைத்ததில்லை. எங்கள் திரையில் நாற்பத்தொன்று என்று இருப்பது அவருக்கு அரிசி மண்டிக்காரர் கேமரா. எழுபது என்பது கல்யாண மண்டபத்துக் கேமரா. போலீஸ் கேட்டுக்கொண்டதால் கடைக்காரர்களும் சங்கங்களும் வாங்கிக் கொடுத்தவை அவை. கோயில் டியூப்லைட்டில் எழுதுவதுபோல ஒவ்வொரு கம்பத்திலும் 'உபயம்' என்று போட்டு ஒரு பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயர்களைக் கொண்டுதான் அவர் எந்தத் தெரு எது என்று நினைவு வைத்திருந்தார்.

மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு கேமராக்கள். அவற்றின் கண்ணாடியைத் துடைப்பது அவர் வேலை. கோவையில் ஒரு காவல் சரகத்தின் கேமராக்களைப் பராமரிக்கிற தனியார் நிறுவனத்தில் அவரும் ஒப்பந்த ஊழியர், நானும் ஒப்பந்த ஊழியர். நான் அறைக்குள் உட்கார்ந்து திரை பார்ப்பவள். அவர் வெளியே ஏணியில் நிற்பவர். இரண்டு வருடம் தினமும் போனில் பேசியிருக்கிறோம். நேரில் பார்த்தது ஐந்தாறு முறை இருக்கும்.

அவருக்கு நாற்பத்து நான்கு வயது. கரும்புக்கடையில் வாடகை வீடு, மனைவி ஆமினா, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். எட்டாம் வகுப்போடு நின்று ஒரு கேபிள் டிவிக்காரரிடம் ஒயர் இழுக்கப் போனவர், இருபது வருடம் மொட்டை மாடிகளிலும் கம்பங்களிலும் கழித்தார். எல்லோரும் போனிலேயே படம் பார்க்கத் தொடங்கிக் கேபிள் தொழில் சுருங்கியபோது, உயரத்துக்குப் பயப்படாத ஆள் தேடிக்கொண்டிருந்த எங்கள் நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. ஒரு பழைய மொபெட், அதன் பக்கவாட்டில் கட்டிய அலுமினிய ஏணி, ஒரு பெயின்ட் பிரஷ், மெல்லிய துணி, ஒரு பாட்டில் வேப்பெண்ணெய். எண்ணெய் சிலந்திக்காக. கேமராவின் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், அது கண்ணாடியின் குறுக்கே வலை கட்டும். திரையில் பார்த்தால் யாரோ சாலையைக் கையால் மூடுவதுபோல இருக்கும். கேமராவின் விளிம்பில் வேப்பெண்ணெய் தடவினால் சிலந்தி பத்து நாள் வராது என்பது அவராகக் கண்டுபிடித்தது.

கல்யாண மண்டபத்துக் கேமராவின் மேல் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டியபோது, மூன்று வாரம் அதைத் துடைக்காமல் விட்டார்.

"எழுபது மங்கலாத் தெரியுதுங்கண்ணா" என்று போனில் சொன்னேன்.

"குஞ்சு பறந்துட்டா தொடச்சுப்போடறேன் அம்மணி. அதுவரைக்கும் அந்த மண்டபத்துல எவனும் சாப்பாட்டத் தவிர வேறெதையும் திருட மாட்டான்."

துடைத்து முடித்ததும் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏணியில் இரண்டு படி கீழே இறங்கி, முகத்தைக் கேமராவுக்கு நேராக நிமிர்த்தி வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்வார். சுவரையோ சாலையையோ பார்த்துக் கண்ணாடி சுத்தமா என்று சொல்வது கஷ்டம். முகத்தைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

"ஏனுங்க அம்மணி, கிளியர்ங்களா? மீச முடிய எண்ண முடியுதுங்களா?"

"எண்ணலாங்கண்ணா."

"அப்ப எண்ணி வெய்யுங்க. நாளைக்கு ஒண்ணு கொறஞ்சா நீங்கதான் பொறுப்பு."

இப்படி நூற்றுப் பன்னிரண்டு கேமராக்களிலும், வெயிலிலும் மேகமூட்டத்திலும், அவர் முகம் எனக்கு வந்துகொண்டே இருந்தது. இடது புருவத்தில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு, நரைக்கத் தொடங்கிய மீசை. என் அப்பாவின் முகத்தைக்கூட அவ்வளவு பக்கத்தில் அத்தனை முறை நான் பார்த்ததில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊர் காரமடைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கறிவேப்பிலைத் தோட்டங்களில் தழை அறுத்துக் கட்டுக் கட்டுகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதற்காகத் தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழை அப்பா இன்னும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து ஒன்றரை வருடம் வேலை தேடி, கடைசியில் கிடைத்தது இது. போலீஸ் ஆபீஸில் வேலை என்று அம்மா பக்கத்து வீடுகளில் சொன்னாள். நான் திருத்தவில்லை.

போன வருடம் எங்கள் அறைக்கு முகம் கண்டுபிடிக்கும் மென்பொருள் வந்தது. கேமரா முன் போகிறவர்களின் முகத்தைப் பட்டியலில் உள்ள படங்களோடு ஒப்பிட்டு, ஒத்துப்போனால் 'பீப்' என்று சத்தம் கொடுக்கும். அடுத்த நாள் அதைப் பார்க்க அதிகாரிகள் வருவதாக இருந்தது. ஒரே நாளில் நிறையக் கேமராக்களுக்கு முன்னால் போகிற ஒரு முகம் வேண்டும் என்று எங்கள் டீம் லீடர் கிருபாசங்கர் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய சொந்த முகம் டீக்கடைக் கேமராவில் மட்டும்தான் விழும்.

"சிக்கந்தரண்ணா மொகத்தப் போடலாங்க சார்" என்றேன். யோசனை என்னுடையது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கிருபாசங்கர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "புவனா, இத்தன நாளா எங்கம்மா இருந்த நீ?" என்றார். அந்த வேலையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

நாற்பத்தொன்றாம் கேமராவிலிருந்து அவர் படம் ஒன்றை எடுத்தேன். அரிசி மண்டிக்காரர் கம்பம், காலை வெளிச்சம், லேசாகச் சிரித்த முகம். படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விட முடியாது. பெயர் கேட்டது, சிக்கந்தர் என்று போட்டேன். வகை கேட்டது. இருந்த நான்கில் 'கண்காணிப்பு' என்பதுதான் கொஞ்சம் மென்மையாகத் தெரிந்தது. வழக்கு எண் கேட்டது. விரலுக்கு வந்தபடி 123/2019 என்று அடித்தேன். ஸ்டேஷன் என்ற கட்டத்தில் பட்டியலில் முதலாவதாக இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். எந்த ஸ்டேஷனிலும் ஒரு வருடத்தின் நூற்று இருபத்து மூன்றாவது வழக்கு என்று ஒன்று இருக்கத்தான் செய்யும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவரிடம் கேட்க வேண்டும் என்பதும் தோன்றவில்லை. ஒரு போன் செய்திருந்தால் போதும். அவர் சரி என்றுகூடச் சொல்லியிருப்பார்.

மறுநாள் முப்பத்தேழு இடங்களில் பீப் அடித்தது. அதிகாரிகளுக்கு மிகுந்த திருப்தி. அறையில் மைசூர்பா டப்பா சுற்றி வந்தது. அதன் பிறகு யார் பார்வையிட வந்தாலும் சிக்கந்தரின் முகத்தை வைத்துத்தான் செய்து காட்டினார்கள். அதனால் அந்தப் பதிவை யாரும் நீக்கவில்லை. அவர் ஏதாவது கம்பத்தில் ஏறும்போது பீப் கேட்டால், எங்கள் அறைக்குப் பொறுப்பான ஏட்டு மாசாணம், "வந்துட்டான்யா நம்ம அக்யூஸ்டு" என்பார். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரிப்பேன். அதே நிமிடம் என் போன் அடிக்கும். "அம்மணி, கிளியர்ங்களா?"

இந்த வருடம், பட்டியலை ரோந்து போலீஸ்காரர்களின் போனுக்கே அனுப்பும் செயலி வந்தது. அதற்கு முன் சோதனைக்காகப் போட்ட பதிவுகளை நீக்கித் தரும் வேலை எனக்கு வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரிகள். 'டெஸ்ட்' என்று பெயர் போட்டவற்றை எல்லாம் தேடி எடுத்துவிட்டேன். சிக்கந்தரின் பதிவில் அப்படி எதுவும் இல்லை. உண்மையான பெயர், உண்மை போன்ற வழக்கு எண். மணி ஐந்து ஆகிவிட்டது. ஐந்து நாற்பதுக்கு என் பஸ். நாளைக்குத் தேடி எடுத்துவிடலாம் என்று நினைத்து, 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி அனுப்பினேன். மறந்துவிட்டேன் என்றுதான் பின்னால் கிருபாசங்கரிடம் சொன்னேன். மறக்கவில்லை. தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டதைத்தான் பிறகு மறந்தேன்.

ஜூன் மாதம் ஒரு நாள் சிக்கந்தர் வேறு குரலில் பேசினார்.

"அம்மணி, சூலூர் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில மெயின்டனன்ஸுக்கு ஆள் எடுக்கறாங்க. பி.எஃப்., கேன்டீன், எல்லாம் உண்டுங்க. என்னையப் பாத்துட்டு வரச் சொல்லிட்டாங்க. போலீஸ் சர்டிபிகேட் ஒண்ணுதான் பாக்கி. அது கம்ப்யூட்டர்ல போடோணுமாம். நீங்க கொஞ்சம் போட்டுக் குடுப்பீங்களா?"

"அதுக்கென்னங்கண்ணா, போட்டோ அனுப்புங்க."

"இந்த வருசத்தோட ஏணிக்கு ரிட்டயர்மென்ட் குடுத்தர்லாம்னு இருக்கறேன். முட்டி சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குது."

நான்தான் அந்த விண்ணப்பத்தை நிரப்பினேன். அவர் இரவல் வாங்கிய நீலச் சட்டையில் எடுத்த படத்தை நானே ஏற்றினேன். என் கையால் வேறொரு இடத்தில் அவர் முகம் ஏற்றப்பட்டிருப்பது அப்போதாவது நினைவுக்கு வந்திருக்கலாம்.

விசாரிக்க வீட்டுக்கு வந்த போலீஸ்காரர், புதிய நடைமுறைப்படி, போனைச் சிக்கந்தரின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். பதினொன்று பத்துக்கு என் திரையில் சிவப்புக் கட்டம் எழும்பியது. கண்காணிப்புப் பட்டியல். 123/2019. தொண்ணூற்றாறு சதவீதம்.

அந்த எண்ணில் உண்மையிலேயே ஒரு வழக்கு இருந்தது. செல்போன் கோபுரங்களில் ஏறி பேட்டரி திருடியவர்கள். அதில் இருவர் இன்னும் பிடிபடவில்லை.

கிருபாசங்கரிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, தன் கடவுச்சொல்லைப் போட்டுப் பட்டியலைத் திறந்தார். "மொதல்ல அதத் தூக்கு. போன்கீன் எதுவும் பண்ணாத. பண்ணுனா, எவ போட்டதுன்னுதான் மொதக் கேள்வி வரும்."

நீக்கினேன். 'பதிவு அழிக்கப்பட்டது' என்று வந்தபோது, மூச்சு வந்ததுபோல இருந்தது. அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்றே ஒரு நிமிடம் நம்பினேன். அதை ஏற்றிய ஆளும் தேதியும் அந்தப் பதிவில்தான் இருந்தன, அது சோதனைக்காகப் போட்டது என்று காட்ட இருந்த ஒரே அத்தாட்சி அதுதான் என்பது மதியத்துக்கு மேல்தான் புரிந்தது. நான் அவரைக் காப்பாற்றவில்லை, என்னைத்தான் துடைத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனில் அவர் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஏணியில் ஏறத் தெரியும், எந்தக் கேமரா எங்கே இருக்கிறது என்று தெரியும், கேமராவுக்குத் தெரியாத மூலைகள் எவை என்றும் தெரியும். அவர் தன் வேலையைப் பற்றிச் சொல்லச் சொல்ல, கேட்டவர்களுக்குச் சந்தேகம் கூடியது. எங்கள் அலுவலகத்துக்குப் போன் வந்தது. கிருபாசங்கர் எடுத்தார். "நம்ம ஆளுதானுங்க. ஆனா வெளிய என்ன பண்றாருன்னு நமக்கெப்படீங்க தெரியும்?" என்றார். நான் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவரை அனுப்பிவிட்டார்கள். இப்போது தேடினால் போனில் எதுவும் வரவில்லை, காலையில் எப்படி வந்தது என்றும் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் சான்றுக்கான அறிக்கையில், விசாரணை முடியும்வரை பரிந்துரைக்க இயலாது என்று எழுதிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அவர் வேலைக்கு வந்தார். அரிசி மண்டிக்காரர் கேமராவில் முகம் தெரிந்தது. மீசையை எடுத்திருந்தார்.

"அம்மணி, என்ற மொகம் யாரோ திருடன் மாதிரியே இருக்குதாமுங்க. அவன் யாருன்னு உங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்ல முடியுங்களா? ஆளத் தெரிஞ்சுட்டா, நான் வேற அவன் வேறன்னு போய்ச் சொல்லிப்போடுவேன்."

"பாக்கறனுங்கண்ணா" என்றேன்.

தினமும் கேட்டார். மூன்றாம் நாள், உக்கடம் பஸ் ஸ்டாண்டில் தன் ஜாடையில் ஒருவரைப் பார்த்ததாகவும், பின்னாலேயே போய்ப் பேர் விசாரித்ததாகவும், அவர் பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரி என்றும் சொன்னார். "அவருக்குப் புருவத்துல வெட்டு இல்லைங்க. உங்க ஆளுக்கு இருக்குதுங்களா?" என்று கேட்டார். நான் பார்க்கிறேன் என்றேன். பன்னிரண்டு நாள், இல்லாத ஒருவனை அவர் தெருத் தெருவாகத் தேடினார். பன்னிரண்டு நாளும் நான் பார்க்கிறேன் என்றேன்.

பதிமூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கரும்புக்கடைக்குப் போனேன். கம்பெனி அடுத்த வெள்ளிக்குள் சான்று வேண்டும் என்று சொல்லியிருப்பது தெரிந்த பிறகுதான் போனேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். அந்தக் கெடு இல்லாவிட்டால் போயிருப்பேனா என்று தெரியவில்லை.

ஆமினா நாற்காலி எடுத்துப் போட்டார். சிக்கந்தர் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். "வாங்க அம்மணி. அவனக் கண்டுபிடிச்சுட்டீங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். படம் எடுத்தது, எண் போட்டது, நீக்காமல் விட்டது, நீக்கியது.

"அப்ப, அப்படி ஒரு ஆளே இல்லைங்களா?" என்று கேட்டார் சிக்கந்தர்.

"இல்லைங்கண்ணா."

"வேற மொகம் கெடைக்கலைங்களா உங்களுக்கு?"

"உங்க மொகந்தான் எல்லாக் கேமராவுலயும் தெளிவா இருந்துச்சுங்க."

"தெளிவாத் தெரியோணும்னுதான தொடச்சேன்" என்றார். திட்டுவதுபோலச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் எங்கே தவறினோம் என்று திரும்பிப் பார்க்கிற பையன் மாதிரிச் சொன்னார்.

ஆமினா பேசினார். "ஏம்மா, இவரு பேரு வேற ஏதாச்சுமா இருந்திருந்தா ஏழு மணி நேரம் ஆயிருக்குமா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"என்ற அப்பா பேர எவனோ ஒருத்தன் எப்பவோ ஒரு போலீஸ் லிஸ்ட்டுல எழுதிப்போட்டான். அத எடுக்க ஒம்பது வருசம் நடந்தாரு. உங்க ஊருல லிஸ்ட்டுன்னா ரேஷன் கடை லிஸ்ட்டுதான இருக்கும். உங்களுக்கு எப்படித் தெரியும்." அவர் உள்ளே போய் மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார். "எழுதிக் குடுங்க. நீங்க போட்டதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

எழுதினேன். என் பெயர், என் வேலை, நான் செய்தது. எழுத எழுத மனம் லேசானது. அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை மாசாணம் ஏட்டு அதை இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோனார். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தனி ஆள் எழுதியதை வைத்து அறிக்கையை மாற்ற முடியாது, நிறுவனத்தின் தாளில் பொறுப்பாளர் கையெழுத்தோடு வேண்டும் என்றார்.

கிருபாசங்கர் கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருந்தார். ஒரே ஒரு மாற்றம் கேட்டார். 'என் தவறு' என்ற இடத்தில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று இருக்க வேண்டும். மாட்டேன் என்றேன்.

"நீதான் தப்புப் பண்ணுனேன்னு எழுதறது உன்ற நிம்மதிக்கு. அவருக்கு வேண்டியது சர்டிபிகேட்டு" என்றார் அவர்.

அவர் நிறுவனத்தைக் காப்பாற்றப் பேசுகிறார் என்று தெரியும். அதனாலேயே அவர் சொன்னதில் இருந்த உண்மை எனக்குக் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் முதல் முறையாக நேராக நிற்கிறேன் என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாள் அப்படி நின்றேன். வியாழக்கிழமை விட்டுக்கொடுத்தேன். கடிதம் மதியம் போனது. இன்ஸ்பெக்டர் அன்று காலைதான் பந்தோபஸ்துக்கு வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்து திங்கட்கிழமை அறிக்கையைத் திருத்திக் கொடுத்தார். சூலூர் வேலைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலமே அடுத்த ஆளை எடுத்துவிட்டார்கள்.

சான்று கைக்கு வந்த அன்று சிக்கந்தர் போன் செய்தார். "சர்டிபிகேட் வந்திருச்சுங்க அம்மணி. ஒரு கொறையும் இல்லைன்னு போட்டிருக்குது. என்ன, கொஞ்சம் லேட்டாப் போச்சு. ஆபீஸ்னா அப்படித்தானுங்க."

அந்தத் தாமதத்தில் மூன்று நாள் என்னுடையது என்பது அவருக்கு இன்னும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொன்ன எனக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. மற்றதெல்லாம் கவனக்குறைவு, பயம் என்று ஏதாவது ஒரு பெயர் சொல்லிவிடலாம். இது நான் நல்லவளாக இருக்க எடுத்துக்கொண்ட நேரம். அதன் விலையை அவர் முட்டிதான் இன்னும் ஏணிப்படியில் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

என் வேலை அப்படியே இருக்கிறது. கோளாறுக்கு யாரும் பொறுப்பில்லை அல்லவா.

அவரும் துடைக்கிறார். மீசை திரும்ப வளர்ந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் கேமராவுக்குப் பக்கவாட்டில் ஏணியைச் சாத்தி, பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டித் துடைக்கிறார். முடிந்ததும் முகத்துக்குப் பதிலாக உள்ளங்கையை விரித்துக் கண்ணாடிக்கு நேராகக் காட்டுகிறார்.

"கிளியர்ங்களா?" என்பார்.

"கிளியர்ங்கண்ணா" என்பேன். வைத்துவிடுவார்.

போன வாரம் கல்யாண மண்டபத்துக் கேமராவைத் துடைத்தபோது, பழையபடி ஏதாவது பேச வேண்டும்போல இருந்தது. மீசை முடியை எண்ணச் சொல்வாரே, அந்த நினைவில், "கை ரேகைகூட எண்ணலாம் போல இருக்குதுங்கண்ணா" என்றேன்.

கை சட்டென்று மூடி, திரையை விட்டுப் போனது. அடுத்த நாளிலிருந்து துடைக்கிற துணியைக் கையில் சுற்றிக்கொண்டு காட்டுகிறார்.